வீட்டிற்கு ஓர் ஆழாக்குப் பால்

கறவை மாடு வைத்துள்ள சிறு விவசாயிகள் பலரது வீடுகளில், இருவேளையும் கறக்கும் பால் முழுவதும் கூட்டுறவு சங்கத்திற்கே போய்விடுகிறது. பால் பணத்தில்தான் தீவனக் கடனும் பள்ளிச் செலவும் அடைபடுகின்றன என்பது உண்மையே. ஆயினும், மாட்டிற்குத் தீவனம் வைக்கும் பிள்ளை கடுங்காப்பி குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போவது சிக்கனம் ஆகாது.

ஓர் ஆழாக்குக்குச் சற்று மேலாக, 200 மில்லி பசும்பாலில் சுமார் 6 கிராம் புரதமும் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அரிசி, கம்பு, சோளம் ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்னும் பொருள் குறைவு. பாலில் அது நிறைய உண்டு. கம்பங்கூழில் மோர் ஊற்றிக் குடிக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

வெண்ணெய் எடுத்த மோர்தானே என்று இளப்பமாக எண்ணக் கூடாது. கடையும்போது பிரிவது கொழுப்பும் அதனுடன் சேர்ந்த வைட்டமின் ஏ சத்துமே. புரதமும் சுண்ணாம்பும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. வெண்ணெயை விற்று மோரை வீட்டில் வைத்துக்கொள்வது நல்ல பேரம்தான். ஆனால் ஒரு குவளை மோரில் நான்கு குவளை தண்ணீர் ஊற்றினால் தாகம்தான் தணியும்.

பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்குக் குறைந்துவிடுவதே காரணம். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் இச்சர்க்கரையில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுவதால், இத்தகையோருக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. கீரையும் பயறும் இல்லாமல் பாலை மட்டும் நம்பி வளரும் குழந்தைக்குச் சோகை வரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாட்டுப் பாலைக் குடிக்கக் கொடுக்கலாகாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். இதய நோய் உள்ளவர்கள் நெய்யையும் வெண்ணெயையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சாத பாலில் வரும் காய்ச்சல்

கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குடித்தால் உடம்புக்கு வலு என்னும் எண்ணம் இன்றும் உண்டு. இது ஆபத்தான பழக்கம். சினையின் கடைசி மூன்று மாதங்களில் மாடு கன்று வீசினால், புருசெல்லோசிஸ் என்னும் கன்று வீச்சு நோயா என்று ஐயுற வேண்டும். மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பாலின் நிறமும் ருசியும் மாறாது. சங்கத்தில் கொழுப்பு பார்க்கும்போதும் இது தெரியாது. ஆனால் கிருமி பாலில் வந்துகொண்டிருக்கும்.

அப்பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்களுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். மலேரியா, டைபாய்டு என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வீட்டில் கன்று வீசிய மாடு இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்தை வாரக்கணக்கில் இடைவிடாது சாப்பிட வேண்டும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டாலும் நோய் பற்றும். கையுறை அணிந்து எடுத்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

பால் நன்கு பொங்கி வரும்வரை காய்ச்சினால் இக்கிருமியும், மாட்டிலிருந்து பாலில் வரும் காசநோய்க் கிருமியும் மடிந்துவிடும். பால் பண்ணைகளில் 72 டிகிரி சென்டிகிரேடில் 15 வினாடி சூடாக்குவதும் இதற்காகவே. காய்ச்சி ஆறிய பாலையே உறைக்கு ஊற்ற வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் கலக்கும் அஃப்ளடாக்சின் நச்சு மட்டும் காய்ச்சினாலும் போகாது. மடிவீக்கத்திற்கு ஊசி போட்ட மாட்டின் பாலையும், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் வரை வீட்டிற்கும் சங்கத்திற்கும் தவிர்க்க வேண்டும்.

கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை போட வேண்டும். காளைக் கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் போடலாகாது. 2019ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தடுப்பூசியும் சேர்க்கப்பட்டுள்ளது. கன்றுக்கு 4 மாதம் ஆனதும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.