நெஞ்செரிச்சலும் விழுங்கற் சிரமமும்: அஞ்சறைப் பெட்டியின் எல்லை

லேக் கார்டன்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘அம்பொல்’ என்ற வங்கச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டு வங்காளியர் ‘அம்பொல்’ என்பதையே நாம் புளியேப்பம் என்றும் நெஞ்செரிச்சல் என்றும் சொல்கிறோம். கடுகெண்ணெயில் பொரித்த மீனானாலும், நம் வீட்டு வற்றற்குழம்பும் அப்பளமும் ஆனாலும், அளவு மீறினால் இரவில் இரு வீட்டாரும் எழுந்து உட்கார வேண்டியதுதான். இத்தொல்லைக்கு நாம் முதலில் நாடுவது அஞ்சறைப் பெட்டியைத்தான். அது எவ்வளவு தூரம் துணைநிற்கும், எந்த இடத்தில் அதை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோய் உண்டாகும் விதம்

தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் அடியில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியபின் மூடிக்கொள்வது அதன் தொழில். இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கும் உள்உறை இரைப்பைக்கு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு இல்லை. வளையத்தசை தளர்ந்தாலும், இரைப்பை அளவுக்கு மேல் நிறைந்தாலும், தொந்தி கீழிருந்து அழுத்தினாலும் அமிலம் மேலேறும். அதுவே எரிச்சல். ஆகவே அமிலம் மிகுதியாகச் சுரப்பது மட்டுமே காரணம் அன்று. இருக்க வேண்டிய இடத்தை விட்டு அது மேலேறுவதே பெரும்பாலும் காரணம்.

ஓமமும் எழுநூறு ரூபாயும்

வீட்டு மருந்து ஒன்று தொழிற்சாலைப் பண்டமாகிய வரலாறு இந்நகரிலேயே நிகழ்ந்தது. வேதியியல் பேராசிரியர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் மாணவப் பருவத்தில் கடும் வயிற்றுக்கடுப்பால் பள்ளிப் படிப்பையே இடையில் நிறுத்த நேர்ந்தவர். பின்னர் வாழ்நாள் முழுதும் உணவில் கட்டுப்பாடு காத்தவர். அவர் 1892ஆம் ஆண்டு 700 ரூபாய் முதலீட்டில், அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வீட்டில் தொடங்கிய முயற்சியே பெங்கால் கெமிக்கல்ஸ். 1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுமமாயிற்று. அச்சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தயாரிப்புகளுள் ஒன்று ‘அக்வா டைகோடிஸ்’. வங்காளியர் ‘ஜொவானேர் ஆரக்’ என்று அழைக்கும் அது, நாம் அறிந்த ஓமத் திரவமே. ஓமத்திலுள்ள தைமால் என்னும் பொருள் வாயுவைக் கலைத்து வயிற்றுப் பொருமலைத் தணிக்கும். ஆனால் அமிலத்தைச் சமன்செய்யும் ஆற்றல் ஓமத்திற்கு இல்லை. ஏப்பத்தை எளிதாக்கும் மணப்பொருள்கள் சிலருக்கு வளையத்தசையையும் தளர்த்திவிடும். எனவே பொருமலுக்கு ஓமம் நன்று. நெஞ்செரிச்சலுக்கு அதையே நம்பியிருத்தல் பொருந்தாது. ஒரே வயிற்றில் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

அடுக்களை மருந்துகள்

குளிர்ந்த பால்: குடித்தவுடன் எரிச்சல் தணியும். சற்று நேரத்தில் பாலிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மீண்டும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும். படுக்கப்போகும் முன் ஒரு குவளை பால் என்பது இந்நோயினருக்கு ஏற்றதன்று.

சமையல் சோடா: அமிலத்தை உடனே சமன்செய்யும் என்பது உண்மை. ஆனால் அதில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உடையோர் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் வழக்கமாக்கலாகாது.

புதினா: செரிமானத்திற்கு உகந்தது எனப் பெயர் பெற்றிருந்தாலும் வளையத்தசையைத் தளர்த்தும் இயல்புடையது. எரிச்சல் உள்ள நாள்களில் விலக்குவது நலம்.

நீர்மோர், இஞ்சி, சோம்பு: சிலருக்கு இதம் தரும்; சிலருக்குப் புளிப்பும் காரமும் எரிச்சலைக் கூட்டும். சிறிதளவு உட்கொண்டு பார்த்துத் தத்தம் உடல் ஏற்பதைக் கைக்கொள்ளலாம்.

செலவில்லா மருத்துவம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றிருந்தும், முன்னுண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதையே பெரிதும் பேசுகிறது. இன்றைய மருத்துவம் கூறுவதும் அதனின்று வேறுபட்டதன்று.

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். அலுவலகம் முடிந்து ஒன்பதரைக்கு உண்டு பத்து மணிக்குப் படுப்பதே பலருக்கு நோயின் வேர். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ்க் கட்டைகளை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது அதற்கு ஈடாகாது. அது வயிற்றை மடக்கி அழுத்தத்தைக் கூட்டும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும். எடை மிகுந்தோர் எடையைக் குறைப்பதும், புகையையும் மதுவையும் விடுவதும் எந்தத் திரவத்தையும் விடப் பயன்தரும். ரவீந்திர சரோவரைச் சுற்றிக் காலையில் நடப்போர் மாலை உணவுக்குப் பின்னும் மெல்ல நடக்கலாம். உண்டவுடன் குனிந்து பாரம் தூக்கலாகாது.

விழுங்கற் சிரமம்: வீட்டு மருந்து இல்லாத இடம்

இக்கட்டுரையின் முதன்மையான செய்தி இதுவே. எரிச்சலுக்கு வீட்டில் வழி தேடலாம். விழுங்குவதில் சிரமம் தோன்றினால் தேடலாகாது. நாள்பட்ட அமிலத்தால் உணவுக்குழாயில் புண்ணும் தழும்பும் உண்டாகிக் குழாய் குறுகலாம். அங்கே புற்றுநோயும் தோன்றலாம். முதலில் சோறு, இட்லி போன்ற திட உணவு சிக்கி, நாளடைவில் நீரும் சிக்குமாயின் குழாய் குறுகிவருவதன் அறிகுறியாக அது இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே திடமும் நீரும் ஒருசேரச் சிக்குமாயின் தசை இயக்கத்தில் கோளாறு இருக்கக்கூடும். எது என்பதை உள்நோக்கிக் குழாய்ச் சோதனையே தெளிவாக்கும். கஞ்சிக்கும் பாலுக்கும் மாறிச் சமாளிப்பது நோய்க்கு நாம் வழங்கும் தவணை நீட்டிப்பு.

வங்கத்தில் முள் மிகுந்த இலிஷ் மீன் பேர்போனது. முள் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்கச் செய்வது இங்கும் தமிழகத்திலும் உள்ள வழக்கம். அது முள்ளை மேலும் ஆழமாகக் குத்திவிடலாம். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் செல்வதே முறை.

மாத்திரைகளைப் படுத்துக்கொண்டு ஒரு மிடறு நீருடன் விழுங்குவதும் தீது. மாத்திரை குழாயில் தங்கிப் புண்ணாக்கும். முழுக்குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் நிமிர்ந்து அமர வேண்டும். வெற்றிலையுடன் புகையிலை போடுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்றும், 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் அருந்துவது காரணமாகக் கூடும் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. காப்பியைச் சற்று ஆறவிட்டு அருந்துவதால் நமக்கு நட்டமில்லை.

காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்

விழுங்கும்போது வலி, காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம், இரத்த வாந்தி, இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் எரிச்சல், இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் தணியாத எரிச்சல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். எரிச்சலுடன் வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருப்பின் அது மாரடைப்பாகலாம். ஓமத்தைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைக. கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையில் செரிமான, கல்லீரல் நோய்களுக்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொல்லை எப்போது தொடங்கியது, எந்த உணவு சிக்குகிறது, எடை எவ்வளவு குறைந்தது, எந்தெந்த மருந்தை எத்தனை நாள் உட்கொண்டீர்கள். கடையில் நாமே வாங்கி விழுங்கிய அமில மாத்திரைகளும், ஓமத் திரவமும் கூட அதில் இடம்பெற வேண்டும். அந்தத் தாளைக் கொண்டு மருத்துவர் விரைவில் ஒரு முடிவுக்கு வர இயலும்.