மீன் கொலாஜன்: டப்பா சொல்வதும் உடம்பு செய்வதும்

சென்னையின் அடையாறு, தி. நகர் மருந்துக்கடைகளில் சத்துமாவு டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே 'மரைன் கொலாஜன்' இடம் பிடித்துவிட்டது. மீனின் தோலிலும் செதிலிலும் உள்ள கொலாஜன் புரதத்தை நொதிகளால் வெட்டிச் சிறு துண்டுகளாக்கினால் கிடைக்கும் பெப்டைடுகள்தான் இந்த டப்பாக்களில் இருப்பவை. முகச் சுருக்கம் மறையும், முட்டிவலி தீரும், பிரஷர் இறங்கும் என்று விற்பவர்கள் அடுக்குகிறார்கள். சிலவற்றில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நம்பிக்கை: கொலாஜன் என்பது கொரியாவிலிருந்து வந்த புதுச் சங்கதி.

அதன் வடிவத்தைக் கண்டுபிடித்ததே இந்த ஊர்தான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனிடம், சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்றார். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954இல் 'நேச்சர்' இதழில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எழுதினார். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதால்தான் அவ்வளவு நெருக்கமாக முறுக்க முடிகிறது.

நம்பிக்கை: குடித்த கொலாஜன் நேராக முகத்துக்குப் போய்ச் சேரும்.

இரைப்பையும் சிறுகுடலும் முகவரி பார்த்து எதையும் அனுப்புவதில்லை. மீன்குழம்பானாலும் பருப்பானாலும் மூவாயிரம் ரூபாய்ப் பொடியானாலும், புரதம் என்றால் வெட்டித்தான் உள்ளே விடும். ஆனால் எல்லாமே தனித்தனி அமினோ அமிலங்களாகிவிடும் என்று சொல்வதும் தவறு. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் ஒட்டிய துண்டுகள் குடல் சுவரைக் கடக்கின்றன. புரோலின்–ஹைட்ராக்சிபுரோலின் என்ற இணை, கொலாஜன் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் காணப்பட்டதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரத்தத்தில் இருப்பது ஒன்று, கன்னத்தில் சுருக்கம் மறைவது வேறு.

தோல் குறித்த 23 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் ஈரப்பதமும் நெகிழ்ச்சியும் கூடியதாகத் தெரிந்தது. நிறுவனங்களின் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பலன் காணாமல் போயிற்று. முட்டிவலிக்கும் இதே கதை: மூட்டு நலத்துக்குப் போதிய சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, கொலாஜனில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே இல்லை. புரதக் கணக்கில் நொச்சிக்குப்பத்து மத்தி மீன் அதைவிட மேல். உடம்பு தானே கொலாஜன் செய்துகொள்ள வைட்டமின் சி வேண்டும். அதற்கு நெல்லிக்காய் போதும்.

நம்பிக்கை: சைவக் கொலாஜன் உண்டு.

கிடையாது. தாவரங்களில் கொலாஜன் இல்லை. அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் வைட்டமின்களும் அமினோ அமிலங்களும் கலந்த கலவை. மயிலாப்பூரின் சைவ வீடுகளில் தெரியாமல் வாங்கிவிடாமல் இருக்க, டப்பாவில் பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அசைவம். மீன் அலர்ஜி உள்ளவர்களுக்கும் அது எச்சரிக்கைதான்.

நம்பிக்கை: கடல் பெப்டைடு மருந்தாகவே இருக்கிறதே, பொடி மட்டும் பொய்யா?

மருந்து உண்மை. கூம்பு நத்தை ஒன்றின் விஷத்திலிருந்து, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டொமெரோ ஒலிவெராவின் குழு பிரித்தெடுத்த பெப்டைடுதான் சிகோனோடைடு. வெறும் 25 அமினோ அமிலங்கள். கடும் வலிக்கு அமெரிக்கா 2004 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் இயற்கையில் இருந்ததைப் போலவே ஆய்வகத்தில் செய்து, தண்டுவடத் திரவத்துக்குள் பம்ப் வைத்துச் செலுத்துகிறார்கள். மனக்குழப்பம் வரலாம் என்ற கடும் எச்சரிக்கையும் அதன்மேல் உண்டு. வாயால் விழுங்கினால் குடல் அதைச் செரித்துவிடும், பலன் கிடைக்காது. 'கடலில் இருந்து வந்தது, இயற்கையானது' என்ற வாதம் இங்கே இரண்டு பக்கமும் உடைகிறது.

நம்பிக்கை: மீன் பெப்டைடு பிரஷர் மாத்திரைக்கு மாற்று.

மத்தி, சூரை மீன்களின் சில பெப்டைடுகள், ரத்தநாளத்தைச் சுருக்கும் ஹார்மோனை உருவாக்கும் நொதியைத் தடுக்கின்றன. ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தடுப்பதும் அதே நொதியைத்தான். ஜப்பானில் இத்தகைய உணவுகளுக்கு ஆரோக்கிய உணவு என்ற அனுமதியும் உண்டு. ஆனால் கிடைக்கும் இறக்கம் சிறியது. மாத்திரையின் அளவுக்கு வராது. நம் நாட்டுச் சட்டப்படி இத்தகைய டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்க வேண்டும்; முன்பக்கம் படித்துப் பணம் கொடுப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. பொடி வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். பிரஷர் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.