மருத்துவமனையும் கரியமில வாயுவும்

நோய் வந்தபின் மருந்து தருவது மட்டும் மருத்துவமாகாது. நோயின் காரணத்தை ஆராய்ந்து களைவதும் மருத்துவமே. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உணர்த்தும் கருத்து இது. இவ்வளவுகோலால் இன்றைய மருத்துவத்துறையை அளந்தால் ஒரு முரண்பாடு புலப்படும். புவி வெப்பம் உயர உயர, வெப்பத் தாக்கும் டெங்குக் காய்ச்சலும் பெருகுகின்றன. அவற்றுக்கு மருந்திடும் மருத்துவமனைகளோ அவ்வெப்பத்தைக் கூட்டும் வாயுக்களுக்கும் காரணமாகின்றன.

‘ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்’ என்னும் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் 4.4 விழுக்காடு மருத்துவத்துறையைச் சார்ந்தது எனக் கணித்தது. அதிலும் ஏறத்தாழ 71 விழுக்காடு, மருந்தையும் கருவிகளையும் உற்பத்தி செய்து கொண்டுவந்து சேர்க்கும் தொடரில் விளைகிறது. அதாவது, நாம் விழுங்கும் சிறு மாத்திரைக்கும் ஒரு கரிமச் சுவடு உண்டு.

இச்சுவடைக் குறைக்க முன்வந்த அமைப்புகளுள் குறிப்பிடத்தக்கது, 1948-இல் தோன்றிய பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. அதன் இங்கிலாந்துப் பிரிவு 2020 அக்டோபரில் ஓர் உறுதி அளித்தது. தன் நேரடிக் கட்டுப்பாட்டிலுள்ள வெளியீட்டை 2040-க்குள்ளும், மருந்து வழங்குவோர் போன்ற பிறர்வழி வருவதை 2045-க்குள்ளும் நிகரப் பூச்சிய நிலைக்குக் கொணர்வதே அது. நிகரப் பூச்சியம் என்பது, இயன்றவரை குறைத்தபின் எஞ்சுவதை ஈடுசெய்து நிகர அளவை இல்லாமற் செய்வதாகும். 2022-இல் இக்கடமை சட்டத்திலும் இடம்பெற்றது. கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பமூட்டவல்ல டெஸ்ஃப்ளூரேன் என்னும் மயக்க வாயுவின் வழக்கமான பயன்பாடு 2024-இல் அங்குக் கைவிடப்பட்டது. வேறு மயக்க மருந்துகள் இருந்தமையால் நோயாளிக்குக் குறை நேரவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? மேற்கூறிய ஆய்வின்படி, மருத்துவத்துறையின் மொத்த வெளியீட்டில் இந்தியா ஏழாமிடம்; தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால், கணக்கிடப்பட்ட 43 நாடுகளுள் கடைசி இடம். அமெரிக்கர் ஒருவரின் பங்கு இந்தியர் ஒருவருடையதைப்போல் 57 மடங்கு. இதனைச் சிக்கனம் என்று மட்டும் கொண்டு பெருமைப்படுவதற்கில்லை. மருத்துவம் எட்டாத ஏழையின் வறுமையும் இக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஆகவே, மருத்துவத்தைக் குறைத்துக் கரியைக் குறைப்பது நம் வழியாகாது. மருத்துவம் வளரவேண்டும், கரி வளரலாகாது.

இஃது இயலும் என்பதற்குச் சான்றுகள் உள. சத்தீஸ்கர் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கப்பட்டது. மின்வெட்டிலும் அங்குப் பிரசவம் பார்க்க முடிகிறது. தடுப்பூசி குளிர்நிலையில் காக்கப்படுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை இல்லத்திற்கே கொண்டுசெல்கிறது. அதன் நோக்கம் நோயாளியின் நலமே. எனினும் பலர் தனித்தனியே பயணம் செய்யும் தேவையையும் அது குறைக்கிறது. மத்திய அரசும் 2019 முதல் காலநிலை மாற்றத்திற்கும் மனித நலத்திற்குமான தேசியத் திட்டத்தை நடத்தி வருகிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்திற்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. நெல்லை, தென்காசிச் சீமைக்குக் காற்றாலையும் புதிதன்று. இங்குள்ள மருத்துவமனைக் கூரைகள்தோறும் சூரியத் தகடு வேண்டுமென்று கேட்பது ஊர்ப் பெரியோர்க்குரிய பணி. சாதாரண காய்ச்சலுக்கும் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் வேண்டுமென வற்புறுத்தும் வழக்கத்தை விடுவது நம் அனைவர் கடமை. ஆனால், ஆஸ்துமா நோயாளி சுற்றுச்சூழலை எண்ணித் தம் மூச்சு மருந்தை நிறுத்தலாகாது. மாற்று உண்டா என்பதை மருத்துவரே கூறவேண்டும்.

மாணவச் செல்வங்களே! உயிர்காக்கும் செலவு எது, வீண்விரயம் எது எனப் பிரித்தறியும் அறிவே இங்குத் தேவைப்படுகிறது. அவ்வறிவைப் பெற்று நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் அலுவலராகவும் அமரப்போகும் நீங்கள், நோயோடு நோய்க்குரிய காரணத்தையும் நீக்குவீர்களாக!