க்ளிக் பண்ணும் முன் ஒரு மூச்சு



போன வருஷம் எங்க பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள். அன்னைக்கு முழுக்க போனும் கையுமாத்தான் இருந்தேன். மொத்தம் 240 படம். ஆறே மாசத்துல பாட்டி போய்ட்டாங்க. இப்போ அந்தப் படங்களைத் திறந்தா எல்லாத்துலயும் பாட்டி சிரிக்கிறாங்க. ஆனா அன்னைக்கு என் தலையில கை வச்சு அவங்க என்ன சொன்னாங்க? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. உடம்பு பாட்டி பக்கத்துல இருந்தது, மனசு திரைக்குள்ள இருந்தது.

அப்போ படம் எடுக்கிறதே தப்பா? இல்லை. எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருட்களைப் படம் எடுக்கவும், சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. "கேமரா பார்த்துக்கும்" என்று மனம் ஒதுங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. நெருங்கி எடுக்கணும்னா கவனிச்சுப் பார்த்தே ஆகணும் இல்லையா? கெடுதல் கேமராவில் இல்லை, கவனம் இல்லாமல் அழுத்தும் விரலில் இருக்கு.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன் தெரியுமா? 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தவர். ரமண மகரிஷியின் கடைசிக் காலப் படங்களில் சில அவர் எடுத்தவை. அவர் காலத்தில் ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான். எடுத்ததை அங்கேயே பார்க்கவும் முடியாது. அதனால் காத்திருக்கணும், பார்க்கணும், அப்புறம்தான் அழுத்தணும். ஜென் வில்வித்தை பற்றிய ஒரு நூல் அவருக்கு மிகவும் பிடித்தமானதாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

நம்ம போன்ல சுருளுக்கு முடிவே இல்லை. எல்லையை நாமதான் போட்டுக்கணும். இந்த வாரம் தினமும் பத்து நிமிஷம் இதைச் செஞ்சு பாருங்க:

1. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்க.

2. பழகின ஒரு இடத்துக்குப் போங்க. வாசல், மொட்டை மாடி, எதுவானாலும் சரி. மூணு நிமிஷம் எடுக்காம பாருங்க. வெளிச்சம் எங்கிருந்து வருது? நிழல் எங்க விழுது? என்ன சத்தம் கேட்குது?

3. "ஸ்டேட்டஸ்ல வச்சா எத்தனை பேர் பார்ப்பாங்க" என்று மனசு ஓடும். திட்டாதீங்க. ஓடினதைக் கவனிச்சு, மறுபடி வெளிச்சத்துக்கு வாங்க.

4. ஒரே ஒரு படம். மூச்சை மெதுவா வெளியே விட்டுக்கொண்டே அழுத்துங்க. கையும் ஆடாது.

5. உடனே திறந்து பார்க்காதீங்க. போனைப் பைக்குள் போட்டுட்டு இன்னும் ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்க. படத்தை ராத்திரி பார்க்கலாம்.

முதல் ரெண்டு நாள் போரடிக்கும். மூணாவது நாள், தினமும் தாண்டிப் போன வாசல்படியில் இதுவரை பார்க்காத ஏதோ ஒண்ணு கண்ணில் படும். அதுதான் பலன். படம் நல்லா வந்தா அது கூடுதல்.

அடுத்த முறை வீட்டுப் பெரியவங்க உங்க தலையில கை வைக்கும்போது போனைக் கீழே வைங்க. அவங்க சொல்றதை முழுசா கேளுங்க. அப்புறம் ஒரு படம் எடுங்க. ஒண்ணு போதும்.

தாத்தா பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்க.