டீயை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

ஆயுள் முழுக்க டீ குடிப்பவரிடம் டீயை விடச் சொல்வது வீண் பேச்சு. விட வேண்டிய அவசியமும் இல்லை. மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். டீ குடிக்கும்போது நாக்கில் லேசான துவர்ப்பைத் தரும் டானின்கள் என்ற பொருள்களே, கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அதற்கு டீ மட்டுமே காரணமல்ல. ஆனாலும் இட்லித் தட்டோடு டம்ளரையும் வைப்பது, கிடைக்கும் கொஞ்சம் இரும்பையும் குறைக்கும் பழக்கம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலே இந்தத் தடை நன்றாகக் குறைகிறது என்கின்றன ஆய்வுகள்.

பால் சேர்த்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, பாலில் உள்ள கால்சியமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். சாப்பிட்டதும் சூடாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு வெந்நீர் போதும், அல்லது ரசம். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கர்ப்பிணிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: இரும்பு மாத்திரையை ஒருபோதும் டீயோடு விழுங்காதீர்கள்.