மென்சவ்வின் இழுவிசையும் செங்குழியத்தின் வாழ்வும்

கலத்தின் நடத்தையை இரசாயனப் பொருள்களே தீர்மானிக்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. தள்ளுதல், இழுத்தல், நெருக்குதல் ஆகிய விசைகளும் அதனை ஆள்கின்றன என்பதை இன்றைய உயிரியல் தெளிவாக்கியுள்ளது. இவ்வுண்மையை விளக்குதற்கு நம் நாடு நன்கறிந்த மலேரியா நோயையே எடுத்துக்கொள்வோம்.

1934ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. 1934-35இல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கிய தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. ஓர் ஊரில் இந்நோய் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அறிய, அந்நாளைய வைத்தியர்கள் பிள்ளைகளின் இடது விலாவின் கீழே தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோரைக் கணக்கெடுத்தனர். மண்ணீரல் வீங்குவது ஏன்? விடையின் ஒரு பகுதி செங்குழியத்தின் மென்சவ்வில் உள்ளது.

செங்குழியம் இருபுறமும் குழிந்த தட்டைப் போன்றது. விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்குரோமீற்றர். அதன் சவ்வு கொழுப்பினாலான ஈரடுக்குப் படை. அப்படையின் உட்புறத்தே ஸ்பெக்ரின் என்னும் புரதம் வலைபோற் பின்னிக் கிடக்கின்றது. மண்ணீரலிலே இக்குழியம் ஏறத்தாழ 1 மைக்குரோமீற்றர் அகலமுள்ள பிளவுகளினூடே நுழைந்து வெளிவரல் வேண்டும். நெகிழ்வுள்ள குழியம் ஒடுங்கிப் புகுந்து, மறுபுறத்தே பழைய வடிவை அடையும். விறைத்த குழியமோ சிக்குண்டு, விழுங்கு கலங்களுக்கு இரையாகும். ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மூத்த குழியங்கள் கழிக்கப்படுவதிலும் இவ்விறைப்புக்குப் பங்குண்டு.

மலேரியா ஒட்டுண்ணி புகுந்த குழியங்கள் பலவற்றை மண்ணீரல் இவ்வாறு பிடித்து அழிக்கின்றது. அவ்வேலை மிகுதியால் அது பருக்கின்றது. ஆயினும் பல்சிப்பாரம் என்னும் ஒட்டுண்ணி ஒரு சூழ்ச்சி செய்கின்றது. தன் புரதங்களைச் சவ்வுக்கு அனுப்பி, அதன்மேற் சிறு முடிச்சுகளை எழுப்புகின்றது. அம்முடிச்சுகளால் குழியம் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரில் ஒட்டி நின்று மண்ணீரலைத் தவிர்க்கின்றது. மூளையின் குழாய்கள் இவ்வாறு அடைபடுதலே உயிருக்குப் பேராபத்து.

இனி, ஒட்டுண்ணி உட்புகும் வாயிலைக் காண்போம். 2010ஆம் ஆண்டில் ஆடெம் பட்டபூட்டியன் குழுவினர் பீசோ 1 என்னும் புரதத்தை வெளிப்படுத்தினர். சவ்வு இழுபடும்போது இப்புரதம் திறந்து கல்சியம் அயன்களை உள்ளே விடுகின்றது. விசை இவ்வாறு கலத்துக்குரிய செய்தியாகின்றது. தொடுகையுணர்வு பற்றிய ஆய்வுக்காக அவர் 2021இல் டேவிட் யூலியசுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். பீசோ 1இன் ஒரு திரிபு ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே பரவலாக உண்டு. அதையொத்த திரிபுடைய எலிகள் கடும் மலேரியாவினின்றும் காக்கப்பட்டன என 2018இல் ஓர் ஆய்வு காட்டிற்று. 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, கென்யாவிலே காணப்படும் டன்டு என்னும் குருதி வகையைப் பற்றியது. அவ்வகைக் குழியங்களின் சவ்வில் இழுவிசை மிகுதி. அவ்விழுவிசை ஓரெல்லையைக் கடந்தால் பல்சிப்பாரம் அரிதாகவே உட்புகும். முரசின் தோல் இறுக இறுக விரலுக்கு இடங்கொடாமை போலும் இது.

ஆக, விறைத்தல் ஓரிடத்தே குழியத்தின் அழிவுக்கும், இறுகுதல் மற்றோரிடத்தே மனிதனின் காப்புக்கும் காரணமாகின்றன. இலங்கையில் உள்நாட்டுத் தொற்று 2012இன் பின் காணப்படாமையால், 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியாவற்றதெனச் சான்றளித்தது. எனினும் நோயைக் காவும் நுளம்பு இங்கே மறைந்துவிடவில்லை. பிற நாடுகளிலிருந்து நோயுடன் வருவோரும் உளர். ஆதலின் இவ்வறிவு நமக்குப் புறம்பானதன்று. பௌதிகம் வேறு, உயிரியல் வேறு என வகுத்துக் கற்கும் நம் பம்பலப்பிட்டி மாணவர், ஒரு துளி இரத்தத்திலே இரண்டும் ஒன்றாய் நிற்பதைக் காண்பாராக.