உவர் நிலத்துக்கு ஏற்ற கோதுமை

நிலத்தில் உப்புப் பூத்தால் பயிர் கெடும் என்பதைக் குடியானவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும் திட்டுக்களையும், அவற்றின் ஓரத்தில் நுனி கருகி நிற்கும் பயிரையும் அவர் தம் கண்ணாலேயே காண்கிறார். இந்தியாவில் உவராலும் களராலும் பீடிக்கப்பட்ட பூமி ஏறக்குறைய 67 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அப்பூமியைச் சீர்திருத்துவது ஒரு வழி. அதைச் சகித்து விளையக்கூடிய வித்தை உண்டாக்குவது மற்றொரு வழி. இரண்டாவது வழி எவ்வாறு நடைபெறுகிறது, அதற்கு ஏன் பல வருஷங்கள் பிடிக்கின்றன, அவ்வாறு கிடைத்த வித்தினிடம் எதை எதிர்பார்க்கலாகும் என்பவற்றைக் கோதுமைப் பயிரைக் கொண்டு நன்கு அறியலாம். நெல் பயிரிடுவோருக்கும் இது அந்நியமான விஷயமன்று என்பது பின்னர் விளங்கும்.

உப்பு பயிருக்கு இருவகையில் தீங்கு செய்கிறது. மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால், வேர் அந்நீரை இழுத்துக்கொள்வது கடினமாகிறது. ஈரம் இருந்தும் பயிர் வறட்சியில் அகப்பட்டது போலவே இலை சிறுத்து, தூர் கட்டாமல் குன்றிப்போகிறது. இது உடனே நிகழ்வது. இரண்டாவது தீங்கு மெள்ள நிகழ்வது. உப்பிலுள்ள ஸோடியம் நீரோடு தண்டின் வழியே ஏறி இலையை அடைகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும், ஸோடியம் போவதில்லை. அது நாளுக்கு நாள் சேர்ந்து, முதலில் முதிர்ந்த இலைகளைக் கொல்கிறது. பழைய இலை சாகும் வேகம் புதிய இலை விடும் வேகத்தை மிஞ்சிவிட்டால், கதிரில் மணி திரள்வதற்கு வேண்டிய உணவு கிடைப்பதில்லை. ஆகவே, கோதுமை உவரைத் தாங்குகிறது என்று சொல்லும்போது, ஸோடியத்தைக் கீழேயே தடுத்து, பொட்டாஸியத்தை மாத்திரம் இலைக்கு அனுப்பும் திறமையே அதில் பெரும்பங்காகும்.

இந்தியாவில் இத்திறமையுள்ள கோதுமையை ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தவர்கள் குடியானவர்களே. ராஜஸ்தானத்துப் பாலி ஜில்லாவில் உவர் மண்ணில் பயிரிட்டவர்கள், தலைமுறை தலைமுறையாக, தப்பிப் பிழைத்த செடிகளின் மணியையே மறு வருஷத்து வித்தாக வைத்துக்கொண்டு வந்தார்கள். இவ்விதம் நிலைபெற்ற ஜாதிக்குக் கார்ச்சியா என்று பெயர். அதன் வழியில் வந்த கார்ச்சியா 65, கோதுமையின் உவர் தாங்கும் குணத்தைச் சோதிக்குமிடங்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பல தேசங்களிலும் விதைக்கப்பட்டு வந்திருக்கிறது. பாலி ஜில்லாக் குடியானவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கார்ச்சியாவின் குறைகளும் சிறியன அல்ல. அது உயரமாக வளர்வது; எருவிட்டால் சாய்ந்துவிடும்; துருநோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும்; நல்ல நிலத்தில் குட்டை ஜாதிகளுக்கு ஈடாக விளையாது. உவரில் மானம் காப்பது; மற்ற இடத்தில் நஷ்டம் தருவது.

இக்குறைகளை நீக்கி, அந்த ஒரு குணத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளலாமா என்பதே கேள்வி. 1969-ல் தொடங்கி அவ்வருஷமே ஹரியானாவிலுள்ள கர்னாலுக்கு மாற்றப்பட்ட மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தில் இம்முயற்சி நடைபெற்றது. அங்கே கார்ச்சியா 65-ஐ, டபிள்யூ.எல். 711 என்னும் குட்டை ஜாதியோடு ஒட்டுச் சேர்த்துப் பெற்ற கே.ஆர்.எல். 1-4 என்னும் ஜாதி 1990-ல் வெளியிடப்பட்டது. அதனை மீண்டும் பி.பி.டபிள்யூ. 255-உடன் சேர்த்துப் பெற்றது கே.ஆர்.எல். 19, இது 2000-ல் வெளிவந்தது.

ஒட்டுச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அதன் பின் வரும் பொறுக்குதலுக்கே காலம் செல்கிறது. ஒவ்வொரு குணத்தையும் நிர்ணயிக்கும் கூறு செடியில் இரட்டையாக இருக்கிறது. இக்கூறுக்கு ஜீன் என்று பெயர். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இவை வருகின்றன. ஒட்டின் முதல் தலைமுறைச் செடிகள் யாவும் ஒரே மாதிரி இருக்கும். அதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிகின்றன. வேண்டிய ஜீன் ஒன்றானால், அதை இரட்டையாகப் பெற்று, இனி மாறாமல் சந்ததிக்குக் கொடுக்கக்கூடிய செடிகள் கால் பங்கு. வேண்டிய ஜீன்கள் இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்தால் வீசம் பங்கு. ஐந்தானால் 1,024 செடிகளில் ஒன்று. பத்தானால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட செடிகளில் ஒன்று. கார்ச்சியாவின் உவர் தாங்கும் குணமோ பல ஜீன்கள் கூடிச் செய்யும் காரியம். ஒவ்வொன்றின் பலனும் சிறிது. ஆகையால் தலைமுறைக்குத் தலைமுறை விதைத்துப் பொறுக்க வேண்டியதாயிற்று.

இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உவர் நிலத்தில் உப்பின் அளவு அடிக்கு அடி வேறுபடுகிறது. ஒரு செடி தழைத்து நின்றால், அது அதன் குணத்தாலா, அது நின்ற இடத்தின் நலத்தாலா என்று சொல்வது அரிது. இதனால் கர்னாலில் சுவர் எழுப்பிய சிறு பாத்திகளில், உப்பின் அளவு தெரிந்த மண்ணை நிரப்பிச் சோதனை செய்தார்கள். தம் வயலில் தப்பிய செடியை வித்துக்கு நிறுத்த விரும்பும் குடியானவரும், அச்செடியின் வேரடி மண்ணைச் சற்றுத் தள்ளியுள்ள மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு மாதிரி. ரவைக்கும் மாக்கரோனிக்கும் ஏற்ற டியூரம் என்னும் கோதுமை, ரொட்டிக் கோதுமையை விட உவருக்கு அஞ்சுவது. காரணம் அதன் வம்சத்தில் இருக்கிறது. ரொட்டிக் கோதுமையில் மூன்று மூதாதைகளின் வழி வந்த 42 குரோமோஸோம்கள் உள்ளன. ஸோடியத்தைத் தடுக்கும் ஒரு முக்கியமான ஜீன் அவற்றுள் மூன்றாம் மூதாதையிடமிருந்து வந்தது. டியூரத்திலோ இரண்டு மூதாதைகளின் 28 குரோமோஸோம்களே உண்டு. கான்பெராவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சிச் சாலையில் ரானா மன்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் பல டியூரம் வித்துக்களை உப்புநீரில் வளர்த்து, இலையில் ஏறிய ஸோடியத்தை அளந்தார்கள். ஒரு வித்தில் மாத்திரம் அது மிகக் குறைவாக இருந்தது. முன்னொரு காலத்தில் துருநோயை எதிர்க்கும் குணத்தைக் கருதி, ஒற்றைமணிக் கோதுமை என்னும் புராதன ஜாதியோடு சேர்க்கப்பட்ட டியூரம் அது. துருவுக்காகச் செய்த காரியத்தில், எவரும் கேளாமலே, உவரைத் தடுக்கும் இரண்டு ஜீன்கள் வந்து புகுந்திருந்தன. அவற்றுக்கு நாக்ஸ் 1, நாக்ஸ் 2 என்று பெயரிட்டார்கள்.

நாக்ஸ் 2 வேலை செய்யும் இடம் வேர். வேரில் நீர் ஏறும் குழாயைச் சூழ்ந்த அணுக்களில், அது ஒரு புரதத்தை வாயில்காப்போன் போல் நிறுத்துகிறது. குழாயில் ஏறும் ஸோடியத்தை அப்புரதம் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்த ஜீனைத் தமரோய் என்னும் டியூரம் ஜாதிக்குக் கொண்டுவர, ஒட்டுச் செடியைத் தமரோயுடனேயே மீண்டும் மீண்டும் சேர்த்தார்கள். முதல் ஒட்டில் தமரோயின் பங்கு அரை. மறுமுறை சேர்க்க முக்கால். அதற்கடுத்து முக்காலே அரைக்கால். பின்னர் முக்காலே மூன்று வீசம். ஒவ்வொரு முறையும் இலையின் சிறு துண்டைச் சோதித்து, ஜீன் இருக்கும் செடியை மாத்திரம் நிறுத்தினார்கள். இது முழுதும் மகரந்தச் சேர்க்கையால் ஆனதே. வேறு உயிரின் ஜீனைப் புகுத்தியதன்று. 2012-ல் வெளியான முடிவின்படி, உவர் நிலத்தில் இந்த டியூரம், ஜீன் இல்லாத தமரோயை விட 25 சதவீதம் வரை அதிகம் விளைந்தது. நல்ல நிலத்தில் விளைச்சல் குறையவுமில்லை. கார்ச்சியா கொடுக்க முடியாத அனுகூலம் இது.

நாக்ஸ் 2 உண்டாக்கும் புரதத்தின் வகையைச் சேர்ந்ததே நெல்லிலும் உள்ளது. வங்காளத்து நோனா போக்ரா என்னும் பழைய நெல்லில் உவரைத் தாங்கும் ஒரு ஜீனை 2005-ல் பிரித்தறிந்தபோது இது புலப்பட்டது. கோதுமையில் கற்ற பாடம் கழனிக்கும் பொருந்துவது இதனால்தான்.

எனினும் வித்து நிலத்தைத் திருத்துவதில்லை. உவரைத் தாங்கும் ஜாதியை விதைப்பதால் மண்ணிலுள்ள உப்பு குறைந்துவிடாது. வடிகால் இல்லாவிடில் அது ஏறிக்கொண்டே போய், எந்த ஜாதியின் சக்திக்கும் மேற்படும். உவர் நிலத்துக்கு நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கரைத்து வடித்தலும், களர் நிலத்துக்கு ஜிப்ஸம் இட்டுப் பின் நீர் கட்டி வடித்தலும் இன்றியமையாதவை. இவ்வேலை நடந்துகொண்டிருக்கும் முதற் சில வருஷங்களில், நிலத்தைத் தரிசாக விடாமல் ஏதேனும் கண்டுமுதல் காண்பதற்கே இவ்வித வித்துக்கள் பெரிதும் உதவும். கோதுமை தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதாகையால், சுத்தமான வித்தைச் சில வருஷங்கள் வைத்து விதைக்கலாம். களத்தில் வேறு ஜாதியோடு கலந்துவிட்டால் பயனில்லை.

வித்துக்கு விண்ணப்பம் செய்யுமுன் மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அறுவடையான பின், மழைக்கு முன்னர், வெளுத்த திட்டிலிருந்து ஒன்றும் பயிர் நன்றாக நின்ற இடத்திலிருந்து ஒன்றுமாக மண் எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பைகளில் சர்வே எண்ணுடன் அனுப்புதல் முறை.